கம்பெனி இன்சூரன்ஸா, தனி பாலிசியா? விபிஎஃப்பா, என்பிஎஸ்ஸா?

வருடத்துக்கு ஒரு முறை எச்ஆரிடமிருந்து அந்த மெயில் வரும். இந்தத் தேதிக்குள் மருத்துவக் காப்பீடு, பிஎஃப், என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) விருப்பங்களைத் தேர்வு செய்யுங்கள், செய்யாவிட்டால் போன வருடம் கொடுத்ததே தொடரும் என்று இருக்கும். பத்து நாளோ இரண்டு வாரமோ அவகாசம். பெரும்பாலானவர்கள் கடைசி நாள் சாயங்காலம் போர்ட்டலைத் திறந்து, புரியாத இடத்திலெல்லாம் பழைய டிக்கை அப்படியே விட்டுவிட்டு மூடிவிடுகிறார்கள். குடும்பத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேரும் நாளில்தான் அந்த டிக்கின் விலை தெரிகிறது.

இந்த நாட்களில் என்னிடம் வரும் கேள்விகள் மூன்று. அப்பா அம்மாவைக் கம்பெனி பாலிசியில் சேர்ப்பதா, அவர்களுக்குத் தனியாக எடுப்பதா? கம்பெனி ஐந்து லட்சம் கவர் கொடுக்கும்போது எனக்கும் பிள்ளைகளுக்கும் தனி பாலிசி எதற்கு? ஓய்வுக்காலத்துக்குக் கூடுதலாகப் போட விபிஎஃப் (பிஎஃப்பிலேயே நாமாகக் கூடுதலாகப் போடுவது) நல்லதா, கம்பெனி வழி என்பிஎஸ் நல்லதா?

மாதச் சம்பளம் ₹21,000-க்குள் இருந்து இஎஸ்ஐயில் (தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம்) இருப்பவர்களுக்கு முதல் இரண்டு கேள்விகளும் வேறு விதமானவை. இங்கே எழுதுவது அதற்கு மேல் வாங்கும் தனியார் கம்பெனி ஊழியர்களுக்கு.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் கேட்க வேண்டியது: இந்த வேலை நாளைக்கு இல்லாமல் போனால் இந்தச் சலுகை என்ன ஆகும்? என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். கம்பெனி எடுத்திருக்கும் குழு பாலிசி, கடைசி வேலை நாளோடு பொதுவாக முடிந்துவிடும். பிஎஃப் பணமும் என்பிஎஸ் பணமும் உங்கள் பெயரிலேயே இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு போர்ட்டலைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இரண்டாவது, தேவைப்படும் நாளில் கைக்கு எவ்வளவு வரும் என்பது. மருத்துவக் காப்பீட்டில் மேலே போட்டிருக்கும் தொகை வேறு, பில்லில் கழியும் தொகை வேறு. ஓய்வூதியத்திலும் அப்படித்தான், சேர்ந்திருக்கும் தொகை முழுவதையும் எடுக்க முடிவதில்லை.

மூன்றாவது, இந்த வருடம் வேண்டாம் என்று விட்டால் அடுத்த வருடம் திரும்பிச் சேர வழி உண்டா என்பது. நான்காவது, வரி. இதில் நீங்கள் எந்த வரிமுறையில் இருக்கிறீர்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 2023-24 முதல் புதிய வரிமுறைதான் இயல்பானது. நீங்களாகப் பழையதைக் கேட்காவிட்டால் புதியதில் இருப்பீர்கள். நமக்கெல்லாம் 80டி என்று பழகிப்போன மருத்துவக் காப்பீட்டுக் கழிவும், சேமிப்புக்கான 80சியின் ஒன்றரை லட்சமும் புதிய முறையில் கிடையாது. "வரி மிச்சமாகுமே" என்று யாராவது பாலிசி விற்க வந்தால் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

## அப்பா அம்மாவுக்கு: கம்பெனி பாலிசியில் சேர்ப்பது

குழு பாலிசியின் பெரிய பலம், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குப் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே கவர் உண்டு என்பது. அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, அம்மாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் என்றாலும் மருத்துவப் பரிசோதனை இல்லாமல் சேர்த்துக்கொள்வார்கள். தனி பாலிசி கேட்டுப் போனால் இதே பெற்றோருக்கு நிராகரிப்போ கூடுதல் பிரீமியமோ வரலாம். பெற்றோர் ஏற்கெனவே நோயோடு இருக்கிறார்கள் என்றால் இந்தக் கட்டுரையின் மீதியைப் படிக்கும் முன் அந்த டிக்கைப் போட்டுவிடுங்கள்.

ஆனால் பெற்றோர் பகுதிக்கு மட்டும் தனி நிபந்தனைகள் இருக்கும். உங்களுக்கும் மனைவிக்கும் இல்லாத கோ-பே (பில்லில் நாம் கட்ட வேண்டிய பங்கு) அவர்களுக்கு 10 அல்லது 20 சதவீதம் இருக்கலாம். கண்புரை, மூட்டு மாற்று அறுவைக்கு உச்சவரம்பு இருக்கலாம். வயதானவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதே பெரும்பாலும் இவற்றுக்காகத்தான். எல்லாவற்றையும்விட அதிகம் கடிப்பது ரூம் வாடகை வரம்பு. பில்லை வைத்துப் பார்த்தால் புரியும்.

கவர் ₹3 லட்சம், ரூம் வாடகை வரம்பு ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு ₹3,000 என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு ₹6,000 ரூம் எடுத்தீர்கள், ஐந்து நாள். மொத்த பில் ₹2,80,000. அதில் ரூமுக்கு ₹30,000, டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் சேர்த்து ₹1,60,000, மருந்து, பரிசோதனை, பொருத்திய உபகரணம் ₹90,000. நீங்கள் எடுத்தது இரண்டு மடங்கு வாடகை ரூம் என்பதால், வரம்பை மீறிய அதே விகிதத்தில் மற்ற செலவையும் குறைக்கும் விகிதக் கழிவு உள்ள பாலிசியில் ரூம் செலவில் பாதியான ₹15,000-தான் கிடைக்கும். டாக்டர், தியேட்டர் செலவிலும் பாதி, ₹80,000. மருந்துக்கும் பரிசோதனைக்கும் உபகரணத்துக்கும் இந்தக் கழிவு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் (ஐஆர்டிஏஐ) விதி இருப்பதால் ₹90,000 முழுதாக வரும். கூட்டினால் ₹1,85,000. அதன் மேல் 20% கோ-பே ₹37,000 போனால் மிச்சம் ₹1,48,000. கவர் மூன்று லட்சம், பில் மூன்று லட்சத்துக்குள்தான், ஆனாலும் உங்கள் கையிலிருந்து ₹1,32,000 போகிறது.

இதே பில்லில் ரூம் ₹3,000-க்குள் இருந்திருந்தால் கோ-பே மட்டும்தான் வெட்டியிருக்கும். அதனால் எச்ஆரிடம் பிரீமியம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். பெற்றோருக்கு ரூம் வரம்பு என்ன, மீறினால் விகிதக் கழிவு உண்டா, கோ-பே எத்தனை, எந்தெந்த அறுவைக்கு உச்சவரம்பு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மெயிலில் இணைக்கும் விளம்பரப் பக்கங்களில் இவை பெரும்பாலும் இருக்காது. பாலிசி விவரத் தாளில் இருக்கும்.

இன்னொரு மறைவான விஷயம் ஊர். நீங்கள் சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ வேலை பார்ப்பீர்கள், அப்பா அம்மா கோவில்பட்டியிலோ மன்னார்குடியிலோ இருப்பார்கள். கம்பெனி காட்டும் நெட்வொர்க் பட்டியலில் சென்னை ஆஸ்பத்திரிகள் வரிசையாக இருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். அவர்கள் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். 2024 ஜனவரி முதல், நெட்வொர்க்கில் இல்லாத இடத்திலும் கேஷ்லெஸ் (பில்லை நிறுவனமே நேராகக் கட்டுவது) கேட்கலாம் என்று பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் அறிவித்திருக்கின்றன. திட்டமிட்ட சிகிச்சைக்கு 48 மணி நேரம் முன்பும், அவசரத்துக்குச் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ளும் தகவல் சொல்ல வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரி அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும். தவிர, பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் பொதுவாகக் குறைந்தது பத்துப் படுக்கை இருந்தால்தான் பாலிசிக் கணக்கில் அது ஆஸ்பத்திரி. முப்பது வருடமாகக் குடும்ப டாக்டராக இருப்பவரின் எட்டுப் படுக்கை நர்ஸிங் ஹோமில் சேர்த்துவிட்டுப் பின்னால் பணம் கேட்டால் கிடைக்காமல் போகலாம். பெற்றோரிடம் இதை முன்கூட்டியே சொல்லி, எந்த ஆஸ்பத்திரி என்று பேசி வைத்துவிடுங்கள்.

பிரீமியத்துக்கும் நிலையான அளவு கிடையாது. இந்த வருடம் கம்பெனியில் பெற்றோர் க்ளெய்ம் அதிகமானால் அடுத்த வருடம் பிரீமியம் ஏறும், அல்லது கோ-பே ஏறும். அதில் உங்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை. குழு பாலிசிப் பிரீமியத்துக்கு 18% ஜிஎஸ்டியும் உண்டு.

பெற்றோரா, மாமனார் மாமியாரா என்று ஒரு ஜோடியைத்தான் சேர்க்கலாம் என்று பல கம்பெனிகள் வைத்திருக்கின்றன. நடுவில் மாற்றவும் விடமாட்டார்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால் அவரவர் பெற்றோரை அவரவர் கம்பெனியில் சேர்த்துவிடலாம். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில், இரண்டு பக்கத்தில் யாருக்கு வேறு கவரே இல்லையோ, யாருக்குத் தனி பாலிசி கிடைக்காதோ அவர்களைச் சேர்ப்பதுதான் நியாயம். அப்பா மாநில அரசு ஓய்வூதியர் என்றால் ஓய்வூதியர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அவருக்கும் அம்மாவுக்கும் ஏற்கெனவே இருக்கும். மத்திய அரசில் இருந்தவர் என்றால் சிஜிஎச்எஸ் என்ற மத்திய அரசு மருத்துவத் திட்டம் இருக்கலாம். ரயில்வேக்காரர்களுக்கு ரயில்வே ஆஸ்பத்திரி. இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

அப்புறம் அண்ணன் தம்பி, அக்கா தங்கை. இருவர் இரண்டு கம்பெனியில் இருந்தால் இருவருமே அதே பெற்றோரைச் சேர்க்கலாம். ஒரு பாலிசியில் தீர்ந்த பிறகு மிச்ச பில்லை இன்னொன்றில் கேட்க முடியும். இருவருக்கும் ஒரே நேரத்தில் வேலை போகும் வாய்ப்பும் குறைவு. செலவைப் பகிர்ந்துகொள்ளவும் இது நல்ல வழி. ஆனால் பேச வேண்டும். பல வீடுகளில் "தம்பி சேர்த்திருப்பான்" என்று அக்காவும், "அக்கா சேர்த்திருப்பாள்" என்று தம்பியும் இருந்துவிடுகிறார்கள்.

## அப்பா அம்மாவுக்கு: தனி பாலிசி

இங்கே பலமும் பலவீனமும் அப்படியே தலைகீழ். நீங்கள் எத்தனை கம்பெனி மாறினாலும் பாலிசி அவர்களோடு இருக்கும், பிரீமியம் கட்டும்வரை ஆயுளுக்கும் புதுப்பிக்கலாம். ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்கும் தனியாகக் காத்திருப்பு உண்டு. முதல் 30 நாளில் விபத்து தவிர எதற்கும் கிடைக்காது.

2024-இல் ஐஆர்டிஏஐ செய்த மாற்றங்கள் மூத்தவர்களுக்கு உண்மையிலேயே உதவியிருக்கின்றன. 65 வயது வரை புது பாலிசி கொடுத்தால் போதும் என்றிருந்தது மாறி, எல்லா வயதினருக்கும் பாலிசி வைத்திருக்க வேண்டும் என்றானது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு நான்கு வருடத்திலிருந்து மூன்றானது. தொடர்ந்து 60 மாதம் கட்டியபின், மோசடி நிரூபணமானால் தவிர, "முன்பே சொல்லவில்லை" என்று க்ளெய்மை மறுக்க முடியாது. 2025 ஜனவரியில் வந்த உத்தரவுப்படி, 60 வயதைக் கடந்தவர்களின் பிரீமியத்தை ஒரே வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் நிறுவனம் ஆணையத்தை முன்கூட்டிக் கலந்தாலோசிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டியும் இல்லை.

இருந்தாலும் விலை அதிகம்தான். அறுபத்தைந்தைக் கடந்த தம்பதிக்குத் தனி பாலிசியின் பிரீமியம், கம்பெனி பெற்றோர் பிரீமியத்தைவிடக் கணிசமாகக் கூடுதலாகவே வரும். பழைய வரிமுறையில் இருந்தால் மூத்த குடிமக்களான பெற்றோருக்குக் கட்டும் பிரீமியத்தில் ₹50,000 வரை கழிக்கலாம், புதியதில் அதுவும் இல்லை.

விண்ணப்பத்தில் எந்த நோயையும் மறைக்காதீர்கள். "சர்க்கரை லேசாகத்தான் இருக்கு, போட வேண்டாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அந்த ஏஜென்டிடம் வாங்காதீர்கள். அவர் கமிஷன் வாங்கிப் போய்விடுவார். மூன்றாவது வருடம் மறுப்புக் கடிதம் உங்கள் அப்பா பெயருக்கு வரும்.

பெற்றோர் இன்னும் அறுபதை எட்டவில்லை, பெரிய நோய் எதுவும் இல்லை, நீங்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை கம்பெனி மாறும் ஆள் என்றால் தனி பாலிசிதான் சிறந்தது.

## இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது

முடிந்தவர்கள் இதைச் செய்யுங்கள் என்பதே என் கருத்து. கம்பெனி பாலிசி இன்றைக்கு வரும் பில்லைப் பார்த்துக்கொள்ளட்டும். அந்த நேரத்தில் தனி பாலிசியின் காத்திருப்புக் காலம் ஓடி முடியட்டும். மூன்று வருடம் கழித்து நீங்கள் வேலை மாறினாலோ, வேலை போனாலோ, சொந்தத் தொழில் தொடங்கினாலோ பெற்றோர் கவர் இல்லாமல் நிற்கமாட்டார்கள்.

முழு பாலிசிக்கு இரண்டு பிரீமியம் கட்ட முடியாது என்றால் தனி பாலிசியின் இடத்தில் ஒரு சூப்பர் டாப்-அப் எடுக்கலாம். வருடத்தின் மொத்தச் செலவு ஐந்து லட்சத்தைத் தாண்டிய பிறகு அடுத்த பதினைந்து லட்சம் வரை கொடுப்பேன் என்பதுபோல் இருக்கும் பாலிசி அது. அந்த முதல் ஐந்து லட்சம் கம்பெனி பாலிசியிலிருந்து வரலாம், உங்கள் கைக்காசாகவும் இருக்கலாம். பிரீமியம் முழு பாலிசியைவிட நன்றாகக் குறையும். வெறும் டாப்-அப் வேண்டாம். அதில் ஒவ்வொரு முறை சேரும்போதும் தனித்தனியாக அந்த வரம்பைத் தாண்ட வேண்டும். ஒரே வருடத்தில் மூன்று லட்சம் பில் இரண்டு முறை வந்தால் அது எதுவும் கொடுக்காது, சூப்பர் டாப்-அப் ஒரு லட்சம் கொடுக்கும்.

கம்பெனி போர்ட்டலிலேயே "டாப்-அப்" என்று ஒன்று விற்பார்கள். மலிவாக இருக்கும், நோய் விவரம் கேட்கமாட்டார்கள். ஆனால் அதுவும் குழு பாலிசியின் நீட்சிதான், வேலையோடு போய்விடும்.

## உங்களுக்கும் பிள்ளைகளுக்கும்

இதில் நான் அதிகம் யோசிக்கமாட்டேன். முப்பதுகளில், நோய் எதுவும் இல்லாதபோது, குடும்பம் முழுவதும் ஒரே கவரைப் பகிர்ந்துகொள்ளும் தனி ஃப்ளோட்டர் பாலிசி ஒன்றை எடுத்துவிடுங்கள். ஐம்பது வயதில் வேலை போகும்போது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வந்திருக்கும். அன்றைக்குப் போய் முதல் பாலிசி கேட்டால் காத்திருப்பும் கூடுதல் பிரீமியமும் உங்களுக்காகக் காத்திருக்கும்.

கம்பெனி கவரே போதும் என்று ஓரிரு வருடம் இருக்கலாம் என்பது ஒரு சூழ்நிலையில் மட்டும் சரி: கையில் சேமிப்பு இல்லை, கடன் இருக்கிறது, பெற்றோருக்கான பிரீமியம் முதலில் கட்ட வேண்டியிருக்கிறது. பிரசவச் செலவுக்கும் கம்பெனி பாலிசிதான் நல்லது. குழு பாலிசிகளில் பெரும்பாலும் காத்திருப்பு இல்லாமல் மகப்பேறு கவர் இருக்கும், தனி பாலிசிகளில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

வேலையை விடப் போகிறீர்கள், தனி பாலிசி இல்லை என்றால் குழு பாலிசியிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி இருக்கிறது. இதுவரை கவரில் இருந்த காலம் காத்திருப்புக் கணக்கில் கழியும். ஆனால் நிறுவனம் உங்கள் உடல்நிலையைப் பார்த்தே ஏற்கும், பிரீமியமும் புதிதாகப் போடும். ராஜினாமா கொடுத்ததும் அதே வாரத்தில் விண்ணப்பியுங்கள். கடைசி நாள் தாண்டிவிட்டால் கேட்க இடமில்லாமல் போகலாம்.

## ஓய்வுக்காலம்: விபிஎஃப், என்பிஎஸ், கையில் வாங்குவது

விபிஎஃப் என்பது உங்கள் பிஎஃப் கணக்கிலேயே, கட்டாயமான 12 சதவீதத்துக்கு மேல் நீங்களாகப் போடுவது. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி முழுவதையும்கூடப் போடலாம். கம்பெனி அதற்கு ஈடாக எதுவும் போடாது. கம்பெனி வழி என்பிஎஸ் என்பது உங்கள் சிடிசியிலேயே (கம்பெனி உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை) ஒரு பகுதியைச் சம்பளமாகத் தராமல், கம்பெனியின் பங்காக உங்கள் என்பிஎஸ் கணக்கில் போடுவது. இதுவும் கூடுதல் பணம் அல்ல. பெயரைப் பார்த்து கம்பெனி கொடுக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

| | விபிஎஃப் | கம்பெனி வழி என்பிஎஸ் | கையில் வாங்கிச் சேமிப்பது |
|---|---|---|---|
| போடும்போது வரி (புதிய முறை) | சலுகை இல்லை | அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் 14% வரை கழிவு | சலுகை இல்லை |
| வருமானம் | அறிவிக்கும் வட்டி: 2023-24, 2024-25-இல் 8.25% | சந்தையைப் பொறுத்தது | பிபிஎஃப் 7.1%, அல்லது ஃபண்டின் ஏற்ற இறக்கம் |
| நடுவில் எடுப்பது | வீடு, மருத்துவம், திருமணம் போன்றவற்றுக்கு வழி உண்டு | மிகக் கடினம் | ஃபண்டில் எளிது, பிபிஎஃப்பில் வரம்பு உண்டு |
| வேலை மாறினால் | யுஏஎன் (உங்கள் நிரந்தர பிஎஃப் எண்) வழியே மாற்றலாம் | கணக்கு தொடரும், புது கம்பெனியில் வசதி இருந்தால்தான் வரிச் சலுகை | பாதிப்பில்லை |
| முடிவில் | முழுத் தொகையும் கைக்கு | ஒரு பகுதி கட்டாய ஓய்வூதியமாகப் போகும் | முழுதும் கைக்கு, ஃபண்டில் லாபத்துக்கு வரி |

விபிஎஃப்பில் கவனிக்க வேண்டியது இரண்டரை லட்ச வரம்பு. பிஎஃப்பும் விபிஎஃப்பும் சேர்த்து உங்கள் பங்கு வருடத்துக்கு ₹2.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பணத்துக்கு வரும் வட்டிக்கு வரி உண்டு. 2021 ஏப்ரல் முதல் இப்படித்தான். முப்பது சதவீத வரியில் இருப்பவருக்கு அந்தப் பகுதியின் 8.25% வட்டி, வரிக்குப்பின் சுமார் 5.7 சதவீதம்தான். அடிப்படைச் சம்பளம் மாதம் ₹80,000, அது முழுவதற்கும் 12% பிடிக்கிறார்கள் என்றால் வழக்கமான பிஎஃப்பே வருடத்துக்கு ₹1,15,200 ஆகிவிடுகிறது. மீதி இடம் ₹1,34,800, மாதம் சுமார் ₹11,200. அதற்கு மேல் விபிஎஃப் போட வேண்டாம். வட்டி விகிதமும் வருடா வருடம் அறிவிப்பதுதான். 2015-16-இல் 8.8% இருந்தது, 2021-22-இல் 8.1% வரை இறங்கியது.

இதே ₹80,000 அடிப்படைச் சம்பளக்காரருக்கு என்பிஎஸ்ஸில் 14% என்பதும் மாதம் ₹11,200 தான், அதனால் ஒப்பிட வசதி. புதிய முறையில் அவர் 25% அடுக்கில் இருக்கிறார் என்றால் செஸ் சேர்த்து 26%. சம்பளமாக வாங்கினால் ₹11,200-இல் சுமார் ₹2,900 வரியாகப் போய் ₹8,300 கைக்கு வரும், அதைத்தான் விபிஎஃப்பில் போட முடியும். என்பிஎஸ்ஸில் ₹11,200 முழுதாகப் போகிறது. வருடத்துக்கு சுமார் ₹35,000 வரி மிச்சம். தொடக்கத்திலேயே முப்பத்தைந்து சதவீதம் கூடுதலாக விதைப்பது சின்ன விஷயமல்ல.

இன்னும் கூர்மையான இடம் பன்னிரண்டு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியவர்களுடையது. 2025-26 கணக்கில், நிலையான கழிவு ₹75,000 போக வருமானம் ₹12 லட்சத்துக்குள் இருந்தால் வரியே இல்லை. மொத்தச் சம்பளம் ₹13.5 லட்சம், அடிப்படை மாதம் ₹54,000 என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். என்பிஎஸ் இல்லாவிட்டால் வரிக்குரிய வருமானம் ₹12.75 லட்சம், வரியும் செஸ்ஸும் ₹74,100. என்பிஎஸ்ஸில் 14%, அதாவது வருடத்துக்கு ₹90,720 போட்டால் வருமானம் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கி வரி பூஜ்யம். அவர் கைக்கு வருவதில் குறைவது ₹16,620 மட்டும், கணக்கில் சேர்வது ₹90,720. இந்த நிலையில் இருப்பவர்கள் என்பிஎஸ் டிக்கைப் போடாமல் விடவே கூடாது.

எதிர்ப்பக்கம், என்பிஎஸ் இல்லாமலே வருமானம் பன்னிரண்டுக்குள் இருப்பவருக்கு மிச்சமாக வரியே இல்லை. அவருக்கு என்பிஎஸ்ஸின் பூட்டு மட்டும் மிச்சம். அவர் விபிஎஃப் பக்கம் போகலாம்.

அந்தப் பூட்டை எளிதாக நினைக்க வேண்டாம். என்பிஎஸ்ஸில் நடுவில் எடுக்க அனுமதிப்பது உங்கள் சொந்தப் பங்கில் 25% வரை. கம்பெனி பங்கு அந்தக் கணக்கில் வராது. கம்பெனி வழியாக மட்டும் போட்டவருக்கு எடுக்க ஒன்றுமே இருக்காது. அறுபதுக்கு முன் கணக்கை முடித்தால், சிறிய தொகையாக இருந்தாலொழிய, 80 சதவீதம் வரை ஓய்வூதியத் திட்டம் வாங்கப் போகலாம். அறுபதில் முன்பு 40% கட்டாயமாக ஓய்வூதியத்துக்குப் போனது. 2025 டிசம்பரில் அரசு சாராத சந்தாதாரர்களுக்கு அதை 20 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆனால் வருமான வரிச் சட்டத்தில் வெளிப்படையாக விலக்கு சொல்லியிருப்பது 60% தொகைக்குத்தான். மாதாமாதம் வரும் ஓய்வூதியத்துக்கும் அந்தந்த வருட அடுக்கில் வரி உண்டு. பிஎஃப், என்பிஎஸ், சூப்பர்ஆனுவேஷன் (கம்பெனி வைக்கும் ஓய்வூதிய நிதி) எல்லாம் சேர்த்துக் கம்பெனியின் பங்கு வருடத்துக்கு ₹7.5 லட்சம் தாண்டினால் அதற்கும் வரி. இது பெரிய சம்பளக்காரர்களின் கவலை.

கையில் வாங்கிக்கொள்வது எப்போது நல்லது? ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாதவர்கள், கிரெடிட் கார்டு அல்லது தனிநபர் கடன் வைத்திருப்பவர்கள், இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டியவர்கள் எல்லோரும் விபிஎஃப்பையும் என்பிஎஸ்ஸையும் இந்த வருடம் தள்ளிப்போடலாம். பதினைந்து சதவீத வட்டிக்குக் கடனை வைத்துக்கொண்டு எட்டேகால் சதவீதத்தில் சேமிப்பதில் பொருளில்லை.

மற்றவர்களுக்கு வயதை வைத்துச் சொல்வேன். முப்பதுகளின் தொடக்கத்தில், பிள்ளைகள் படிப்பும் வீடும் முன்னால் நிற்கும்போது, வரிச் சலுகை பெரிதாக இருந்தால் தவிர என்பிஎஸ்ஸில் 14% முழுதாகப் போட வேண்டியதில்லை. ஐந்து ஏழு சதவீதம் என்று தொடங்கலாம், கம்பெனி அனுமதித்தால். நாற்பத்தைந்தைக் கடந்தவருக்கு அறுபது தூரத்தில் இல்லை. பூட்டின் பாரம் குறைவு, வரி அடுக்கும் பெரும்பாலும் உயரத்தில். அவர் முழு 14% போட்டுவிட்டு, மிச்சம் இருந்தால் இரண்டரை லட்ச வரம்புவரை விபிஎஃப் போடலாம்.

## போர்ட்டலை மூடும் முன்

அதே போர்ட்டலில் அல்லது பிஎஃப் தளத்தில் நாமினி பகுதி இருக்கும். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரையோ அப்பா பெயரையோ பிஎஃப் நாமினியாகப் போட்டிருந்தால், கல்யாணம் ஆனதும் அது செல்லாது. புதிதாகப் போட வேண்டும். என்பிஎஸ்ஸிலும் குழு ஆயுள் காப்பீட்டிலும் தனித்தனியாகப் பாருங்கள், ஓரிடத்தில் மாற்றினால் மற்ற இடங்களில் தானாக மாறாது. பெற்றோரின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பதுபோலவே காப்பீட்டில் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். ஆஸ்பத்திரி கவுன்டரில் கேஷ்லெஸ் தாமதமாகும் காரணங்களில் இதுவும் ஒன்று. இ-கார்டை இறக்கி, அப்பா அம்மா இருவர் போனிலும், ஊரில் அவசரத்துக்கு ஓடி வரக்கூடிய உறவினர் ஒருவர் போனிலும் அனுப்பி வையுங்கள்.